வெறுங்காலோடு இறங்குங்கள்

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனியில் தீ விபத்துப் பயிற்சி நடந்தால் பார்க்க வேண்டும், கண்கொள்ளாக் காட்சியாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து பார்வையிட ஆள் வருகிற அன்று, டீக்கு அப்புறம் மணி அடிக்கும் என்று காலையிலேயே லைனுக்கு லைன் சொல்லிவிடுவார்கள். மாடியில் மிஷின் ஓட்டுகிற பெண்கள் அன்று மட்டும் காலில் செருப்போடு தயாராக உட்கார்ந்திருப்பார்கள். மணி அடித்ததும் கோயிலுக்குப் போய் வருகிறவர்களைப் போலச் சிரித்துப் பேசிக்கொண்டு வரிசையாக இறங்குவார்கள். வந்தவர் படம் எடுத்துக்கொள்வார். புரொடக்‌ஷன் மேனேஜர் வக்கார் அகமது அவரைப் பிரியாணி சாப்பிட அழைத்துப் போவார். எல்லாருக்கும் பரம திருப்தி.

பிரிஸ்கில்லாவுக்கு மட்டும் வயிறு எரியும். அவள்தான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. அதற்கு முன் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் நர்ஸாக இருந்தாள். வெந்து வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டுப் போட்டு மனசு விட்டுப்போய், வேகாமல் காப்பாற்றுகிற வேலைக்கே போகிறேன் என்று மேலே படித்துவிட்டு வந்தவள். மாடியில் இருக்கிற இருநூறு பெண்களும் ஒருத்தி பாக்கியில்லாமல் கீழே வந்து சேர வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த மாடி ஹாலுக்குள் யாரும் செருப்போடு வரக்கூடாது. வெள்ளைத் தோல் தைக்கிற இடம், செம்மண் ஒரு பொட்டுப் பட்டாலும் துண்டு வீண். அதனால் முன்பக்கப் படி ஏறி வந்ததும் பெரிய செருப்பு ரேக் ஒன்று உண்டு. பார்வையாளர் வருகிற நாளில் மட்டும் வெள்ளைத் தோலுக்கு விடுமுறை, விதிக்கும் விடுமுறை. ஹாலின் பின்பக்கம் ஓர் இரும்புப் படி இருந்தது. அதில் காக்காய் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், ஆள் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

"சொல்லாம கொள்ளாம ஒரு தடவ மணி அடிக்கணும் சார்" என்றாள் பிரிஸ்கில்லா.

"ஷிப்மென்ட் டைம் மேடம். இப்ப போய் இன்னா டிரில்லு?"

"தீ ஷிப்மென்ட் பாத்துட்டா சார் வரும்?"

வக்கார் அகமது முகத்தைச் சுளித்தார். அப்புறம், "ஒரே தபா. அதோட விடணும்" என்றார்.

மறுநாள் மணி அடித்தது. பின்பக்கக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு பிரிஸ்கில்லா தொண்டை வறளக் கூப்பிட்டாள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. இரும்புப் படிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர்கள்கூட ஹாலை நீளமாகக் கடந்து முன்பக்கம் ஓடினார்கள், ரேக்குக்கு. அங்கே முன்னால் நின்றவள் குனிந்து தேட, பின்னால் வந்தவள் அவள்மேல் சாய, "என்னுது எங்கடி?" "ஏய், அது என்னுது!" என்று ஒரே களேபரம். சீமைக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிற கைகள், தங்கள் ரப்பர் செருப்பைத் தேடி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. தள்ளுமுள்ளில் சுகரா பேகம் படியில் உருண்டு விழுந்தார். ஹாலிலேயே மூத்த தையல்காரி அவர். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"பாத்தீங்களா? தீயே இல்லாம ஒரு கை போச்சு. இனிமே அந்தப் பேச்சே எடுக்காதீங்க" என்றார் வக்கார் அகமது.

பிரிஸ்கில்லாவுக்கு அவமானமாக இருந்தது. நிஜமாகவே தன்னால்தானே அந்த அம்மாவுக்கு அடிபட்டது என்று மனசு அடித்துக்கொண்டது. சாயங்காலம் கட்டுத்துணி வாங்கிக்கொண்டு நேரே சுகரா பேகம் வீட்டுக்குப் போனாள். கையைப் பிடித்துக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"பின்னாடிப் படி பக்கத்துலயே இருந்துச்சே அக்கா. ஏன் செருப்புக்கு ஓடினீங்க?"

சுகரா பேகத்துக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. "இன்னா மேடம் இப்டி கேக்கறீங்க? போன மழைக்கு கரண்டு போயி எல்லாரயும் வெளிய அனுப்புனாங்க. அன்னிக்கு என் செருப்ப எவளோ மாட்டிக்கினு போய்ட்டா. வெறுங்காலோட வூட்டுக்கு வந்தேன். ஷூ கம்பெனிக்காரி வெறுங்கால்ல வர்றாடீன்னு தெருவே சிரிச்சுது. பேஜாரா போச்சு. அதுலருந்து மணி அடிச்சா என் காலு தானா அங்கதான் போவுது."

பிரிஸ்கில்லா முதலில் ரேக்கைக் கீழே முற்றத்துக்கு மாற்றிப் பார்த்தாள். தெருநாய்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. நாலு பேர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போனார்கள், வாட்ச்மேன் மறுநாளே ரேக்கை மாடிக்கு ஏற்றிவிட்டார். யோசித்துப் பார்த்தபோது அவளுக்கே விளங்கியது. ரேக் எங்கே இருந்தாலும் கால் அங்கேதான் ஓடும். செருப்பு போனால் போகட்டும் என்கிற தைரியம் அவர்களுக்கு வர வேண்டும், அதைக் கம்பெனிதான் கொடுக்க வேண்டும்.

"நீங்க வந்து எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்த சொல்லுங்க சார். செருப்ப வுட்டுட்டு வாங்க, போனா கம்பெனி புதுசு குடுக்கும்னு."

"அவ்ளோதான். எல்லாம் வேணும்னே தொலைச்சிட்டு வந்து நிப்பாங்க."

"நிக்கட்டுமே சார். நாம பண்றதே ஷூதானே!"

அவர் முடியாது என்றார். அவள் விடவில்லை, அட்டையாக ஒட்டிக்கொண்டாள். டீ குடிக்கும்போது போய் நின்றாள், தொழுகை முடித்து வரும்போது நின்றாள், கார்க் கதவைத் திறக்கும்போது நின்றாள். கடைசியில் இந்தத் தலைவலி தீர்ந்தால் போதும் என்று அவர் மாடிக்கு வந்து, உருதுவில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் சொன்னார்.

"மணி அடிச்சா செருப்பத் தொடாதீங்க. போனா அன்னிக்கே புதுசு. இது என் ஜபான், நான் குடுக்கற வாக்கு."

"பாக்கலாம், பாக்கலாம்" என்றார் சுகரா பேகம், கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டே.

அதற்கப்புறம் சாப்பாட்டு மணிக்கெல்லாம் பிரிஸ்கில்லா அவர்களை இரும்புப் படி வழியாக வெறுங்காலோடு இறக்கினாள். ஆம்பூர் வெயிலில் அந்தப் படி தோசைக்கல்லாகக் காய்ந்து கிடக்கும். பெண்கள் அவளைத் திட்டாத திட்டில்லை. "நர்ஸம்மாவுக்குப் பழைய வேல மறக்கல, நம்ம காலயும் வேகவெச்சுக் கட்டு போடப் பாக்குது" என்று கேலி பேசினார்கள். அவள் படியில் ஈரச்சாக்கு விரித்துவிட்டு, தன் செருப்பைக் கழற்றி வைத்து, தானே முதல் ஆளாக இறங்குவாள்.

சித்திரை வெயில் கொளுத்துகிற ஒரு மத்தியானம் நிஜமாகவே பற்றிக்கொண்டது. கீழ்த்தளத்தில், முன்பக்கப் படிக்கு அடியில் அடித்தோலைப் பசை போட்டு ஒட்டுகிற இடம். அங்கே ஒரு மின்விசிறியிலிருந்து தெறித்த பொறி பசை சொல்யூஷன் டின்னில் விழுந்துவிட்டது. கீழே இருந்தவர்கள் கேட் பக்கம் ஓடித் தப்பித்தார்கள். கறுப்புப் புகை முன்பக்கப் படி வழியாக மாடிக்கு ஏறியது.

மணி அடித்தபோது பிரிஸ்கில்லா ஹாலின் நடுவில் நின்றிருந்தாள். இருநூறு தலைகளும் ரேக் பக்கம் திரும்பின. அவள் கத்த வாய் திறந்தாள், குரல் வரவில்லை.

குரல் சுகரா பேகத்திடமிருந்து வந்தது. "பின்னால! பின்னால வாங்கடீ! செருப்ப வுடுங்க!"

தலைகள் திரும்பின, கால்களும் திரும்பின. மிஷின்களுக்கு நடுவே லைன் லைனாக இரும்புப் படிக்கு வந்து இறங்கினார்கள். "அல்லா!" "ஐயோ, ஏசப்பா!" என்று சுட்ட காலை மாற்றி மாற்றி வைத்தார்களே தவிர ஒருத்தியும் நிற்கவில்லை. புதுசாகக் கல்யாணமாகி வந்த முபஷ்ஷிரா மட்டும் ரேக் பக்கம் ஓடினாள். கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பு. புகைக்குள் அவள் தலை மறைகிற நேரத்தில் பிரிஸ்கில்லா பாய்ந்து கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் இருமிக்கொண்டே கடைசியாக இறங்கினார்கள்.

முற்றத்தில் லைன் லீடர்கள் எண்ணினார்கள். எல்லாரும் இருந்தார்கள். நம்பாமல் பிரிஸ்கில்லா இன்னொரு முறை எண்ணினாள். எல்லாரும் இருந்தார்கள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுது தீர்த்தாள்.

தீயணைப்பு வண்டி வந்து அணைத்த பிறகு, மறுநாள் மேலே போய்ப் பார்த்தார்கள். ரேக் இருந்த இடத்தில் அத்தனை செருப்பும் உருகி ஒரே கறுப்புக் கட்டியாகத் தரையோடு ஒட்டிக் கிடந்தது. எது யாருடையது என்று இனி எவராலும் சொல்ல முடியாது. முபஷ்ஷிரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வக்கார் அகமது சொன்ன சொல் தவறவில்லை, தீப்பிடித்த அன்றைக்கே எல்லார் காலுக்கும் புதுச் செருப்பு வந்திருந்தது.

அடுத்த வாரம் வாணியம்பாடி ரோட்டில் ஒரு பழைய ஷெட்டை வாடகைக்குப் பிடித்து மிஷின்களை இறக்கினார்கள். ஷிப்மென்ட் ஏற்கெனவே தள்ளிப் போயிருந்தது. வக்கார் அகமது கையைத் தட்டி, "ஒக்காருங்க, ஒக்காருங்க, டைம் இல்ல" என்று அவசரப்படுத்தினார். பிரிஸ்கில்லா அவரிடம் பேச வாயெடுப்பதற்குள் சுகரா பேகம் முன்னால் வந்தார்.

"இங்க எத்தினி வழி கீதுன்னு மொதல்ல மேடம் காட்டட்டும் பாய். வெளிய போய்ப் பாத்துட்டு வந்து ஒக்கார்றோம்."

"நாளைக்குப் பாத்துக்கலாம்மா. ஷிப்மென்ட்டு..."

"அது நிக்கும் பாய்."

இருநூறு பேரும் நின்றார்கள். பிரிஸ்கில்லா ஷெட்டின் பின்பக்கம் நடந்து போய்க் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. வெளியே பூட்டுத் தொங்கியது. சாவி ஷெட் சொந்தக்காரரிடம், சொந்தக்காரர் வேலூரில்.

வக்கார் அகமது பெண்களைப் பார்த்தார், பூட்டிய கதவைப் பார்த்தார், போனை எடுத்தார். சாவி வந்து கதவு திறக்கிற வரைக்கும் ஒருத்தியும் மிஷினைத் தொடவில்லை.