பல் கணக்கு

பின் அச்சின் நடுவே பல்சக்கரங்களை வைத்திருக்கும் டிஃபரன்ஷியலின் மூடியைக் கழற்றியதும், உள்ளே இருந்த எண்ணெய் தட்டில் வடிந்தது. மெக்கானிக் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, ஒரு பல்லைத் துடைத்து வெள்ளை பெயின்ட் தொட்டு வைத்துவிட்டு, கிரவுன் சக்கரத்தை மெல்லச் சுற்றி எண்ணினார். அதைச் சுற்றவைக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனிலும் எண்ணினார். பிறகு முன்பக்கம் ஊர்ந்துபோய் அங்கே இருந்த டிஃபரன்ஷியலையும் திறந்து எண்ணினார். ஒத்துவரவில்லை. தப்பாக எண்ணியிருப்போம் என்று மறுபடி பின்னால் வந்தார். இரண்டாம் முறையும் அதே கணக்கு வந்தபோது, எழுந்திருக்கத் தோன்றாமல் அப்படியே கிடந்தார். பட்டறை வாசலில் யாரோ இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று போய்விட்டார்கள்.

ஜீப் அவருடைய தங்கை வீட்டுக்காரருடையது. பழைய வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கும். மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர்களை ஏற்றிப்போய் இறக்கிக் கூட்டிவருவதுதான் மாப்பிள்ளைக்குப் பிழைப்பு. மழைக்காலம் தொடங்குமுன் பின் டிஃபரன்ஷியல் தேய்ந்து ஊளையிட ஆரம்பித்தது. பழைய இரும்புக் கடை வைத்திருந்த சிநேகிதர் ஒருவர், ஓடாத வண்டியிலிருந்து அதே உருவத்தில் ஒன்றைக் கழற்றிச் சும்மாவே கொடுத்தார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று சிரித்துக்கொண்டே மெக்கானிக் அதைத் தூக்கிவந்தார். பார்க்கவும் இல்லை. பூட்டி முடித்துக் காய்ந்த தார் ரோட்டில் ஓட்டியபோது சத்தம் சுத்தமாக நின்றிருந்தது. "இனிமே வண்டில போறப்ப என் தங்கச்சி பேசறது நல்லா காதுல விழும். அதுக்கு என்னைத் திட்டக்கூடாது மாப்ள" என்று சாவியைக் கொடுத்தார்.

முன் அச்சும் பின் அச்சும் ஒரே கணக்கில் சுற்றினால்தான் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். இல்லாவிட்டால் ஓடும் மாட்டையும் நடக்கும் மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டிய கதைதான். ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். காய்ந்த ரோட்டில் முன் சக்கரங்கள் இழுப்பதில்லை, அதனால் தெரியாது. சேற்றில் சக்கரம் வழுக்கிக் கொடுத்துவிடும், அப்போதும் தெரியாது. சேறு முடிந்து, நான்கு சக்கர இழுப்போடு சிமென்ட் போட்ட வளைவில் ஏறும்போதுதான் தெரியும். முதல் மழையன்று அந்த வளைவில்தான் ஜீப் திரும்பாமல் நேரே போய்ப் பள்ளத்தில் இறங்கியது. டீச்சர் ஒருவருக்குக் கை முறிந்தது.

செய்தி கேட்டு மெக்கானிக் ஓடியபோது நல்ல கூட்டம். மாப்பிள்ளை நனைந்துபோய் ஓரமாக நின்றிருந்தார்.

"ஸ்டியரிங் பிடிச்சிக்கிச்சு மச்சான். ஒடிச்சுப் பாத்தேன், திரும்பல."

மெக்கானிக் உள்ளே கையை விட்டு ஸ்டியரிங்கை அசைத்தார். பள்ளத்தில் தொங்கிய சக்கரங்கள் அவை பாட்டுக்குத் திரும்பின. கூட்டம் அவர் வாயையே பார்த்தது. சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார் என்று பெயர் வாங்கியவர். தன் கைவேலையைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்களோ என்று அந்த நொடியில் அவருக்குத் தோன்றியது. யாரும் கேட்பதற்குள் முந்திக்கொண்டார். "வண்டில ஒரு குறையும் இல்ல. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம்." நாலைந்து பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை.

அதன்பிறகு அவர் வண்டியைத் தொடவில்லை. ஆசிரியர்கள் வேறு ஜீப்புக்கு மாறிக்கொண்டார்கள். அவர் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கப் போனார். வீட்டு முன்னால் அது நின்றாலே அவர் சாப்பிடுவதில்லை, விற்றுவிடு என்று தங்கை பட்டறைக்கு அனுப்பிவைத்தாள். விற்பதற்கு முன் எண்ணெயையாவது மாற்றிவைப்போம் என்றுதான் மெக்கானிக் மூடியைத் திறந்தார். பற்களைப் பார்த்ததும், 'திரும்பல' என்று மாப்பிள்ளை சொன்னது நினைவுக்கு வந்து எண்ணத் தொடங்கினார்.

பொருத்தமான டிஃபரன்ஷியலைத் தேடிப்பிடித்துப் பூட்ட மூன்று நாள் ஆயிற்று. எதிர்க்கடைக்காரர், "என்னண்ணே, அன்னிக்கு மாட்டுனத மறுபடியும் பிரிச்சுட்டீங்க?" என்றபோது, "சும்மாதான், எண்ணெய் கசிவு" என்றார். பொய் அவ்வளவு சரளமாக வந்தது அவருக்கே அருவருப்பாக இருந்தது. வேலையைச் சரிசெய்தாயிற்று, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. விடுமுறை நாளில் ஜீப்பை அவரே ஓட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார்.

மாப்பிள்ளை கதவருகே உட்கார்ந்து, கையில் ஏறிய சணல் சிராயைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"வண்டி இப்ப நல்லாருக்கு. நீங்களே ஓட்டுங்க மாப்ள" என்றார் மெக்கானிக். அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தார்.

"வேணாம் மச்சான். நீங்க அன்னிக்கு சொன்னது சரிதான். யோசிச்சுப் பாத்தேன். நான்தான் ஒடிக்க லேட் பண்ணிருப்பேன். ஸ்டியரிங் மேல பழி போட்டுட்டேன்."

மெக்கானிக்கின் காது மடல் சுட்டது. மாப்பிள்ளை கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்த மனுஷன் நம்பிவிட்டிருக்கிறார். தன் கைகள் உணர்ந்ததை விட்டுவிட்டு மெக்கானிக்கின் வாயை நம்பியிருக்கிறார்.

"இல்ல. ஸ்டியரிங் பிடிச்சிருக்கும். நான் மாட்டுனது வேற கணக்கு. பல்லை எண்ணாம மாட்டிட்டேன்."

மாப்பிள்ளை சிராயைப் பிடுங்குவதை நிறுத்தினார். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை நிலையைப் பிடித்தபடி வந்து நின்றாள்.

"ஊரைக் கூட்டி வெச்சுப் பேசுன. இப்ப வீட்டுக்குள்ள வந்து காதுல சொல்றியா அண்ணா?" குரலை உயர்த்தவில்லை. "யாரு முன்னாடி சொன்னியோ அவங்க முன்னாடியே சொல்லு."

மறுநாள் காலை, ஆசிரியர்கள் வண்டிக்குக் காத்திருக்கும் டீக்கடை முன்னால் ஜீப்பை நிறுத்தினார்கள். மாப்பிள்ளைதான் ஓட்டிவந்தார், வழியெல்லாம் நடைவேகத்தில். தூறிக்கொண்டிருந்தது. மெக்கானிக் இறங்கிப்போய் அங்கே நின்றவர்களிடம் சொன்னார். ஒத்திகை பார்த்துவந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. "தப்பு என்னுது. அவரு சரியாத்தான் ஓட்டுனாரு" என்பது மட்டும் வந்தது. அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டார்.

கையில் மாவுக்கட்டோடு நின்ற டீச்சர் கேட்டார். "உங்களுக்கு இது எப்ப தெரியும்?"

நேற்று என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"நாலு நாளாச்சுங்க."

"அப்ப அந்த நாலு நாளும் இவரு மூட்டை தூக்கத்தான போயிருப்பாரு?"

மற்ற ஜீப் வந்து ஹாரன் அடித்தது. ஒவ்வொருவராக அதில் ஏறினார்கள். டீச்சர் மட்டும் குடையை விரிக்காமல் இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் நின்றார்.

மாப்பிள்ளை இன்னும் என்ஜினைப் போடவில்லை. ஸ்டியரிங் மேல் சாய்ந்து, சட்டைக் கையால் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மழைத்துளி எல்லாம் வெளிப்பக்கத்தில்தான் இருந்தது.