காரை எலும்புக்கு ஒரு கவசம்

அக்காவுக்குக் கவசம் வாங்குவதில் அக்காவைவிடத் தங்கைக்குத்தான் அவசரம். விளையாட்டுச் சாமான் கடை திறப்பதற்கு முன்பே அக்காவை இழுத்துக்கொண்டு போய் ஷட்டருக்கு எதிரில் நின்றுகொண்டாள்.

இருவரும் ஒரே ஹாக்கி அணி. அக்கா கோல்கீப்பர். பெனால்டி கார்னரில் கோலைப் பார்த்து அடிக்கத் தங்கையைத்தான் கூப்பிடுவார்கள். போன சீசனில் பயிற்சியின்போது அவள் அடித்த பந்து, அக்காவின் பழைய கவசத்தில் தோளுக்கும் மார்புக்கும் நடுவே இருந்த இடைவெளியில் புகுந்து காரை எலும்பை உடைத்துவிட்டது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து தங்கைக்குக் கை வரவில்லை. கோலில் யார் நின்றாலும் பந்தைக் கம்பத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறாள். "இப்படியே போனா கார்னருக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று கோச் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் தங்கை மேல்தட்டில் இருந்த பிரம்மாண்டமான கவசத்தைக் காட்டினாள்.

"அது ஐஸ் ஹாக்கிக்கும்மா. நீங்க ஆடுறது தரையில."

"இருக்கட்டும். அடி எங்க விழுந்தாலும் அடிதானே?"

அக்கா போட்டுக்கொண்டாள். மெத்தை ஒன்று எழுந்து நடந்து வந்ததுபோல் இருந்தது. கடைக்காரர் ஒரு டென்னிஸ் பந்தை அவள் காதோரமாக வீசினார். அக்காவின் கை பாதி தூரத்திலேயே மாட்டிக்கொள்ள, பந்து மூக்கில் பட்டுக் கீழே விழுந்தது.

"என்னைக் காப்பாத்தப் போறியா, கட்டிப் போடப் போறியாடி?"

"நீ முழுசா இருந்தா போதும் எனக்கு" என்றாள் தங்கை. விளையாட்டாகச் சொல்லவில்லை. அக்கா அதைக் கழற்றிக் கொடுத்தாள்.

அடுத்தது மெலிதானது. கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. கடைக்காரர் அட்டைப்பெட்டியைத் தேடவே ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, குனி. கோல்ல நிக்கற மாதிரி நில்லு."

குனிந்தாள். கழுத்துப் பட்டை ஏறித் தாடையை இடித்தது. தோள் மூடி விலகி, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. சரியாக அதே இடத்தில். தங்கை அதில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"வேணாம். கழட்டு."

மூன்றாவதில் தோள் மூடியை மார்போடு எலாஸ்டிக் வார் பிணைத்திருந்தது. தங்கை விடுவதாக இல்லை. ஹெல்மெட், கழுத்துக் காப்பு, கால் பேட் எல்லாவற்றையும் மாட்டச் சொன்னாள். குனியச் சொன்னாள், கையைத் தூக்கச் சொன்னாள், பக்கவாட்டில் விழச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் விரலால் குத்திப் பார்த்தாள். எங்கேயும் இடைவெளி இல்லை. அப்படியும் மனசு ஆறவில்லை.

"குத்திப் பாத்தா என்ன தெரியும்? அடிச்சுப் பாரு" என்றாள் அக்கா.

கடைக்குப் பின்னால் இருந்த குடோனில் சோதனைக்கென்று ஒரு கோல் வலை கட்டியிருந்தது. தங்கையின் முதல் பந்து அட்டைப்பெட்டிகளில் போய் மோதியது. இரண்டாவதும் அங்கேதான்.

"அதெல்லாம் ஷூ பெட்டிம்மா, கோல் இந்தப் பக்கம்" என்றார் கடைக்காரர்.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினாள். "இங்க பாரு. எலும்பு உடைஞ்சுது, சேந்துடுச்சு. நான் கோல்ல நிக்கறதே பந்தைத் தடுக்கத்தான். வெளிய போற பந்துக்கு நான் எதுக்குடி?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்து நின்றாள். தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தாள்.

பந்து காரை எலும்பின்மேலேயே தொப்பென்று விழுந்தது. அக்கா இரண்டடி பின்வாங்கி வலையோடு உட்கார்ந்துவிட்டாள். மட்டையை வீசிவிட்டு ஓடினாள் தங்கை.

"வலிக்குதா? அக்கா! சொல்லேன்!"

"கொசுக்கடி அளவுக்குக்கூட இல்லடி. கால் தடுக்கித்தான் உக்காந்தேன்."

தங்கை அந்த இடத்தை அழுத்திப் பார்த்தாள். அக்கா முகம் சுளிக்கவில்லை. அவ்வளவுதான், அத்தனை மாதம் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது பொலபொலவென்று கண்ணீராகக் கொட்டிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய் மட்டையை எடுத்து, பழைய வேகத்தில் இன்னொன்று அடித்தாள். அக்காவின் இடது கைக்கு மேலே பறந்து வலையைக் குலுக்கியது பந்து.

"செல்லாது! நான் எழுந்து சரியாக்கூட நிக்கல!" அக்கா எகிறினாள்.

"கோல்தாம்மா" என்றார் கடைக்காரர்.

அக்கா அவரையும் சேர்த்துப் பொரிந்து தள்ளினாள். தங்கைக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அடுத்த பந்தை எடுத்து வைத்தாள்.