வெயிலில் காய்ந்த தலைத்துணி

மலாயாவில், ரெம்பியாவுக்கு உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்ட வருஷம் அது. கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசியோ ஒரு பாட்டில் எண்ணெயோ வெளியே போகக் கூடாது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். கொசுவுக்கு மட்டும் வேலியும் இல்லை, சட்டமும் இல்லை.

குஞ்சம்மாவுக்கு அந்தக் கொசுதான் எமன். போன வருஷம் மகள் கமலவேணிக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து, வயிற்றுப் பிள்ளை தங்காமல் போய்விட்டது. இப்போது மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். புருஷன் புலாவ் செபாங்கில் ரயில் வேலை, எப்போதாவதுதான் வருவான். அவள் மரம் சீவப் போகாவிட்டால் அடுப்பு எரியாது.

அதனால் குஞ்சம்மா, மலாய்க்காரர்கள் 'செராய் வாங்கி' என்று சொல்லும், கொசுவுக்கு ஆகாத வாசனைப் புல்லைக் கொல்லையில் வளர்த்தாள். மண்ணெண்ணெய்த் தகரத்தில் புல்லை அடைத்து வேகவைத்து, மூங்கில் குழாய் வழியாகச் சொட்டும் எண்ணெயைப் பிடிப்பாள். பாட்டிலைக் கேட்டில் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதால், மகளின் தலைத்துணியில் அதைத் தோய்த்து, காதும் கழுத்தும் மூடும்படி கட்டி அனுப்புவாள். தோட்டத்தில் வேறு யாரும் அந்த எண்ணெய் காய்ச்சுவதில்லை.

"என்னக்கா, ஒம் மக வர்றதுக்கு முன்னாடி அவ வாசம் வந்துருது" என்பாள் பக்கத்து வீட்டு வேலாயி.

"வரட்டும்லா. கொசு வராம இருந்தா சரி."

ஒரே குறை, அந்த வாசம் நிற்காது. வெயில் ஏறினால் பறந்துவிடும். தேங்காயெண்ணெய் கலந்தால் உச்சிப்பொழுது தாண்டியும் நிற்கும். ஆனால் அதைத்தான் கடையில் அளந்து அளந்து கொடுக்கிறார்களே. "ஓடுகாலி எண்ண" என்று தினமும் திட்டிக்கொண்டே தோய்ப்பாள். அன்று காலை கிண்ணத்தில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் சேர்ந்திருந்தது. இன்னும் சேரட்டும், நாளைக்குக் கலக்கலாம் என்று மூடி வைத்தாள்.

அன்றுதான் காட்டோரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

பால் நிறுக்கும் கொட்டகையில் வேலையாக இருந்த குஞ்சம்மா, மகள் வாளியோடு வருவதைப் பார்த்தாள். தலை வெறுந்தலையாக இருந்தது.

"துணி எங்கடி?"

கமலவேணி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் போலீஸ் லாரி ஆபீஸ் முன்னால் வந்து நின்றது. லாரியில் படுதா போட்டு மூடிய பிணத்தின் இரண்டு கால்கள் வெளியே தெரிந்தன. சார்ஜனின் கையில், செத்தவனிடம் கிடைத்த ஒரு தலைத்துணி. குஞ்சம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் தலைத்துணியை உருவி மகளின் தலையில் இறுக்கிக் கட்டினாள்.

எல்லாப் பெண்களும் மாவுச் சாக்கைக் கிழித்துத்தான் தலைத்துணி கட்டுவார்கள். துணியை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டில் காவல் நிற்கும் பெரியதம்பி அதை வாங்கி மோந்து பார்த்தான்.

"செராய் வாசம் அடிக்குது சார். இங்க குஞ்சம்மா வீட்டுலதான் அது காய்ச்சுறாங்க."

சார்ஜன் அவளைப் பார்த்தான். "ஒன் துணி எங்க?"

"கிழிஞ்சு வீட்டுல கெடக்குங்க."

"வாசத்த நான் சொன்னா யாரு நம்புவா? அலோர் காஜாவிலேருந்து போலீஸ் தொர வர்றாரு. அவரே மோந்து பாக்கட்டும்."

துணியை ஆபீஸ் வராந்தாக் கம்பியில் போட்டான். பெண்களை எதிரே தரையில் உட்கார வைத்தான். காட்டு ஆளுக்கு உதவினால் ஜெயில். அல்லது குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். என் துணிதான் என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று குஞ்சம்மா முடிவு செய்தாள். ஆனால் தான் ஜெயிலுக்குப் போனால், மகளின் பிரசவத்தை யார் பார்ப்பார்கள்?

துரை வரவில்லை. வழியில் பாதையை மறித்து மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். நிழல் சுருங்கிச் சுருங்கி, வெயில் வராந்தாக் கம்பியில் ஏறியது. சாக்குத்துணி மொடமொடவென்று காய்ந்தது. குஞ்சம்மா கண்ணை எடுக்கவில்லை. கிண்ணத்தில் மூடி வைத்த தேங்காயெண்ணெய் நினைவுக்கு வந்தது; காலையில் அதைக் கலந்திருந்தால் வாசம் இன்னும் நின்றிருக்கும். ஓடு, ஓடிப்போ என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"யாருக்கு வேண்டிக்கிறக்கா?" வேலாயி மெல்லக் கேட்டாள்.

"பேசாம இரு."

பொழுது சாயும் நேரத்தில் துரையின் ஜீப் வந்தது. துணியை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார். வேர்வை நாற்றம்தான். சார்ஜன் மோந்தான். பிறகு பெரியதம்பியிடம் நீட்டினான். பெரியதம்பி வெகுநேரம் மோந்தான். குஞ்சம்மாவைப் பார்த்தான், பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த கமலவேணியையும் பார்த்தான்.

"காலையில அடிச்ச மாதிரி இருந்துச்சுங்க. இப்ப ஒண்ணும் இல்ல."

துரை துணியை லாரிக்குள் எறிந்தார். சார்ஜனுக்கு மனம் ஆறவில்லை. குஞ்சம்மாவின் கொல்லையில் இருந்த செராயை வேரோடு தோண்டச் சொன்னான். பெரியதம்பியே மண்வெட்டி பிடித்தான். கடைசித் தூரை இழுத்தபோது அவள் பக்கம் திரும்பாமல், "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா" என்றான். தோண்டிய புல்லுக்குத் தீ வைத்தார்கள். லயம் முழுக்க அந்த வாசம் நின்றது.

கதவைச் சாத்தியதும் மகளை அறையத்தான் கையை ஓங்கினாள் குஞ்சம்மா. கமலவேணி நகரவில்லை.

"சீனப் பையன்மா. காட்டோரத்துல கெடந்தான். மலேரியாதான், ஒடம்பெல்லாம் தூக்கித் தூக்கிப் போடுது. மூஞ்சி முழுக்கக் கொசு. ஓட்டுறதுக்குக்கூடக் கைய எடுக்க முடியல. பாத்துட்டு எப்படிம்மா வர்றது? துணிய மூஞ்சியில போட்டுட்டு வந்தேன். வேற ஒண்ணும் குடுக்கல."

ஓங்கிய கை கீழே இறங்கியது. பாட்டிலின் அடியில் கொஞ்சம் எண்ணெய் மிச்சமிருந்தது. குஞ்சம்மா அதைக் கிண்ணத்துத் தேங்காயெண்ணெயில் ஊற்றிக் குழைத்தாள். மகளின் கால்களை மடியில் எடுத்து வைத்து, கணுக்காலிலிருந்து தேய்க்கத் தொடங்கினாள். நாளைக்கு இதுவும் இல்லை.

தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"கொசு போச்சா?"

"போச்சும்மா. துணியப் போட்டதும் போயிருச்சு."