பெலிக்கன் முனையில் ஒரு மாப்பிள்ளைப் பரீட்சை

“புஸ்ஸ்ஸ்ஸ்!”

பின்சக்கரத்துப் பக்கமிருந்து வந்த சத்தத்தில் ஹேமிஷ் துள்ளிக் குதித்தான். கையிலிருந்த டீயில் பாதி சட்டைக்குப் போயிற்று.

“பாம்பு! டார்சி, பாம்பு!”

“பாம்புமில்ல, பல்லியுமில்ல. டயர்ல காத்தை இறக்கறேன்.” டார்சி குந்தியிருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. “டயர் சப்பையா இருந்தாத்தான் மணல்ல ஓடும். மெல்போர்ன்ல இதெல்லாம் சொல்லித்தர மாட்டாங்களா?”

“மெல்போர்ன்ல எங்களுக்கு ரோடு இருக்கு.”

பதில் டார்சிக்குப் பிடிக்கவில்லை. நல்ல பதிலாக இருந்துவிட்டதுதான் காரணம்.

அவருடைய ஒரே மகள் கெரின், கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அழைத்து வந்திருக்கும் பையன் இவன். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது தொழில். கைகுலுக்கியபோது அந்த விரல்கள் வெண்ணெயாக வழுக்கியதை டார்சியால் மறக்க முடியவில்லை. இந்தக் கை ஒரு மீனையாவது உரித்திருக்குமா?

அதனால்தான் இந்தப் பயணம். மீன் பிடிக்கப் போகிறோம் என்று பெயர், உண்மையில் பரீட்சை. கெரினுக்கு இதற்கு முன் வந்த வரன்கள் மூவரையும் டார்சி இதே கடற்கரையில்தான் வடிகட்டினார். பெலிக்கன் முனையில் ஓடை வந்து கடலில் விழும் இடத்தில் மணல் பஞ்சு மாதிரி இருக்கும். அங்கே வண்டியை வேண்டுமென்றே இறக்கிப் புதைத்துவிட்டு, “அடடா!” என்பார். அப்புறம் பையன் என்ன செய்கிறான் என்று கடைக்கண்ணால் பார்ப்பார். முதலாமவன் போட்டோ எடுத்தான். இரண்டாமவன் ஹெலிகாப்டருக்குப் போன் போடப் பார்த்தான். மூன்றாமவனைக் குதிரை ஈ கடித்தது, அவன் அழுதான். மூவருமே இப்போது வேறு யாருக்கோ மாப்பிள்ளைகள்.

“பின்பக்கம் சாமானெல்லாம் நானே அடுக்கிட்டேன். நீ ஒண்ணும் கிளறாதே, டார்சி!” கூடாரத்து வாசலில் நின்று குரல் கொடுத்தாள் அவர் மனைவி நொலீன். பக்கத்தில் நின்ற கெரின் ஹேமிஷுக்குக் கையாட்டினாள். அதில் ஏதோ குறும்பு இருந்தது. டார்சி அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டார்.

கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. ஈரமணல் தார்ச்சாலை போல இறுகிக் கிடக்க, வண்டி பறந்தது. டோரத்தி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார் டார்சி. தான் குளிக்காத நாளிலும் அதைக் குளிப்பாட்டிவிடுவார். கடற்கரையில் எது நடந்தாலும் காப்பீட்டுக்காரர்கள் காலணா தரமாட்டார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

“என் மாமனாரும் என்னை இந்தக் கரைக்குத்தான் கூட்டிட்டு வந்தாரு,” என்று ஆரம்பித்தார். இந்தக் கதையைச் சொல்லாமல் அவர் யாரையும் வண்டியில் ஏற்றியதில்லை. “வண்டி புதைஞ்சுது. நான் ஒரு வார்த்தை பேசல. நேரா பின்னாடி போனேன், மண்வெட்டிய எடுத்தேன், தோண்டினேன். கிழவர் ஆடிப்போயிட்டாரு. வாயைத் திறந்தபடி மண்வெட்டியையே பாத்துக்கிட்டு நின்னாருன்னா பாரேன்! அப்பவே நொலீன் எனக்குன்னு முடிவாயிடுச்சு.”

“பிரமாதம்,” என்றான் ஹேமிஷ்.

பெலிக்கன் முனை வந்தது. டார்சி ஓடைப்பக்கம் ஸ்டியரிங்கை லேசாக ஒடித்தார். ‘பொத்’தென்று டோரத்தி மூக்கு குத்திக் குனிந்தாள்.

“அடடா!” என்றார் டார்சி. “இப்படி ஆயிடுச்சே, தம்பி! கடல் வேற திரும்ப ஏறற நேரம்.”

ஹேமிஷ் இறங்கினான். சக்கரங்களைச் சுற்றி வந்து பார்த்தான். பின்கதவைத் திறந்தான். டார்சியின் நெஞ்சு ஒரு கணம் நிமிர்ந்தது. ஆனால் அவன் எடுத்தது மடக்கு நாற்காலி. அதை விரித்து உட்கார்ந்து, ஒரு சாண்ட்விச்சையும் பிரித்தான்.

“உங்களுக்கு ஒண்ணு வேணுமா? மாட்டிறைச்சியும் ஊறுகாயும்.”

டார்சிக்கு ரத்தம் கொதித்தது. பையனுக்கு ஆபத்து உறைக்கவில்லை போலும். இன்னும் கொஞ்சம் புதைத்தால் உறைக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தார். சக்கரம் மணலை வாரி இறைத்தது. ஹேமிஷ் சாண்ட்விச்சின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டான். மறுபடி மிதித்தார். டோரத்தியின் வயிறு மணலில் தட்டியது.

“என்ன பையன்டா நீ? வண்டி முங்கிக்கிட்டிருக்கு, நீ தின்னுக்கிட்டிருக்கே!”

“டார்சி, தப்பா நினைக்காதீங்க. கெரின் எல்லாத்தையும் சொல்லிட்டா. இது பரீட்சைன்னு எனக்குத் தெரியும்.”

டார்சி திறந்த வாயை மூட மறந்தார்.

“தெரிஞ்சுக்கிட்டே மண்வெட்டிய எடுத்தா, அது காப்பி அடிக்கற மாதிரி. அப்படிப் பாஸாகி உங்க பொண்ணைக் கட்டிக்க எனக்கு இஷ்டமில்ல. நீங்களே எடுத்துக் கொடுங்க, தோண்டறேன்.”

மூன்று வரன்களைத் துரத்தியடித்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே பின்பக்கம் போனார். ஐஸ்பெட்டி இருந்தது. தூண்டில் இருந்தது. வாணலி இருந்தது. நொலீன் சுட்ட கேக்குகூட இருந்தது.

மண்வெட்டி இல்லை.

எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டார். இருக்கையின் அடியில் தலையை விட்டார். தலை திரும்ப வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“ஹேமிஷ்.”

“சொல்லுங்க.”

“மண்வெட்டியக் காணோம்.”

“இதுவும் பரீட்சையா?”

“இல்லடா!”

அந்த ‘டா’வில் இருந்த நடுக்கம் ஹேமிஷுக்குப் புரிந்தது. அதே நேரம் ஓர் அலை வந்து முன்சக்கரத்தை நக்கிவிட்டுப் போனது. சாண்ட்விச் மணலில் விழுந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு டிங்கோ காட்டுநாய் அதைக் கவ்விக்கொண்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது.

“ஐஸ்பெட்டி மூடிய நீங்க எடுங்க. வாணலி எனக்கு!” என்று கத்தினான் ஹேமிஷ்.

இருவரும் மண்டியிட்டுத் தோண்டினார்கள். ஒரு அலை வந்தால் பாதிப் பள்ளம் தூர்ந்துபோகும், மறுபடி தோண்டுவார்கள். ஹேமிஷின் வெண்ணெய் விரல்களில் தோல் உரிந்தது. நகத்தடியில் ரத்தம். அவன் நிறுத்தவில்லை.

“கையப் பாத்துக்கடா! பியானோ என்ன ஆகும்?”

“பியானோ காத்திருக்கும். கடல் காத்திருக்காது. வாயை மூடிட்டுத் தோண்டுங்க!”

டார்சியை வாயை மூடச் சொன்ன முதல் மாப்பிள்ளை இவன்தான். டார்சி மூடிக்கொண்டார்.

டயர்களில் இன்னும் கொஞ்சம் காற்றை இறக்கினார்கள். கால்மிதிகளை உருவிச் சக்கரங்களுக்குப் பின்னால் திணித்தார்கள். டார்சி ரிவர்ஸில் போட, ஹேமிஷ் முன்னாலிருந்து தோளைக் கொடுத்தான். டோரத்தி முனகினாள், உதறினாள், அவன் முகத்தில் ஒரு வாளி மணலை அப்பினாள். கடைசியில், சேற்றிலிருந்து எழும் எருமையைப் போல, ஏறிவிட்டாள்.

டார்சி இறங்கி ஓடிவந்து பையனைக் கட்டிக்கொண்டார். தனக்கே வெட்கமாகப் போய், அவன் சட்டையிலிருந்த மணலைத் தட்டிவிடுவது போல முதுகில் நாலு அறை அறைந்தார்.

“கல்யாணத்தை எப்ப வச்சுக்கலாம்?”

“முதல்ல கண்ணுல இருக்கற மணலை எடுக்கணும்.”

அப்போதுதான் மணல்மேட்டிலிருந்து இரண்டு பேர் இறங்கி வருவது தெரிந்தது. கெரின் கழுத்தில் பைனாகுலர், தோளில் இழுவைக் கயிறு. மேட்டின் உச்சியில் அவளுடைய வண்டி தயாராக நின்றது. முன்னால் வந்த நொலீனின் தோளில் ஒரு மண்வெட்டி, வெயிலில் பளபளத்தது.

டார்சி அதைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

“நொலீன்! என் மண்வெட்டி உன்கிட்ட எப்படி வந்துச்சு? டோரத்தி போயிருப்பாளே! உங்கப்பாகூட என்னை இப்படிச் சோதிக்கலியே!”

நொலீன் மண்வெட்டியை மணலில் குத்தி நிறுத்தினாள்.

“எங்கப்பாவும் அன்னைக்கு மண்வெட்டிய எடுத்துக் கொட்டகையில ஒளிச்சு வச்சிட்டுத்தான் உன்னைக் கூட்டிட்டுப் போனாரு, டார்சி. திருட்டுத்தனமா அதைத் திரும்ப வண்டியில வச்சது நான்.”