நீக்கப்பட்ட அளவீடு

1

இந்தக் கதை நானாக யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை. சாப்பிடும்போது என் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னது. அவள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அறிவியல் ஆசிரியர்களுக்கு டிஜிட்டல் மருத்துவமும் செயற்கை நுண்ணறிவும் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தாள். எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டையைக் கட்டி, அவரவர் இதயத் துடிப்பையே கணினிக்குப் பாடமாகக் கொடுத்தார்களாம். திரையில் இவளுடைய கோடு மட்டும் தாறுமாறாக ஓடியது. "பட்டை லூசா இருக்கு, என்னோடதை எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டாள். பயிற்சியாளரும் எடுத்துவிட்டார். அறையே சிரித்தது.

வீட்டில் ஒரு எழுத்தாளன் இருந்தால் இதுதான் தொல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே காதைத் தீட்டிக்கொள்வான்.

2

முதல் தொடக்கம்: "கணினி அறையின் மின்விசிறிகள் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்த அந்த" (வேண்டாம். வாசகர் தூங்கிவிடுவார்.)

இரண்டாவது: "ஓர் ஆசிரியையின் இதயம் ஒரு நாள்" (இதுவும் வேண்டாம். இதயம் என்று ஆரம்பித்தாலே காதல் கதை என்று ஆள் சேர்ந்துவிடும்.)

மூன்றாவது ஒருவழியாகத் தேறியது. அதில் டீச்சர் கொஞ்சம் வாயாடி. "எனக்கே நீ மார்க் போடுறியா?" என்று கணினியை அதட்டுகிறாள். ஒட்டாத அவளுடைய அளவீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை வைத்து அது படிக்கிறது. அன்றிலிருந்து, ஆசிரியர்கள் எல்லோருக்கும் இதயம் ஒழுங்காகத்தான் அடிக்கும் என்று நம்புகிறது.*

(* இந்த வரியை வேடிக்கையாகத்தான் எழுதினேன்.)

3

அதற்கு மேல் ஓடவில்லை. கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆய்வகத்தில் அம்மீட்டர் பழுது என்று எந்த மாணவன் சொன்னாலும் என் மனைவி விடமாட்டாள். கழற்றி வேறு மின்சுற்றில் மாட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசு என்பாள். அப்படிப்பட்டவள் சோதிக்காமலா பட்டையைக் குறை சொல்வாள்? துணி மடித்துக்கொண்டிருந்தவளிடமே போய்க் கேட்டேன்.

"கதையில ஒரு இடம் ஒட்டல. அந்த டீச்சர் பட்டையை இன்னொருத்தர் கையில கட்டிப் பார்த்திருக்க மாட்டாளா?"

அவள் ஒரு சட்டையை மடித்தாள். அதையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"பார்த்தேங்க. இடைவேளையில, உயிரியல் டீச்சர் கையில."

"என்ன காட்டுச்சு?"

"ஒழுங்கா ஓடுச்சு. அவங்க பட்டையை நான் கட்டினா, அதுலயும் எனக்குத் தாறுமாறுதான். கொஞ்ச நாளாவே மாடி ஏறினா படபடன்னு வருது. நம்ம பொண்ணு பரீட்சை முடியட்டும், அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம்னு இருந்தேன்."

"பின்ன ஏன் என்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னே?"

"அழுதுக்கிட்டே சொன்னா நீங்க சாப்பிட்டிருப்பீங்களா?"

பயந்துவிட்டேன். அதை நாசூக்காக எழுத எனக்குத் தெரியவில்லை.

4

முடிவுகள்.

(அ) மருத்துவர், "ஒண்ணும் இல்லம்மா, காபியைக் குறைங்க" என்கிறார். இருவரும் கடைத்தெரு வழியாகப் பேசிக்கொண்டே (அடித்துவிட்டேன். ஆசைப்பட்டு எழுதியது பச்சையாகத் தெரிகிறது.)

(ஆ) மருத்துவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் (இதை முடிக்க என்னால் ஆகாது.)

இரண்டையும் அவள் வாங்கிப் படித்தாள். "டாக்டரைப் பார்க்காமலே ரிப்போர்ட் எழுதுற முதல் ஆள் நீங்கதான். கிளம்புங்க" என்றாள். போகும் வழியிலேயே பயிற்சியாளருக்கு போன் போட்டாள். "மேடம், பட்டை மேல வீணா பழி போட்டுட்டேன். என் கோட்டைத் திரும்பச் சேர்த்துடுங்க. இப்படியும் ஒரு டீச்சருக்கு அடிக்கும்னு அந்தக் கம்ப்யூட்டர் தெரிஞ்சுக்கட்டும்."

5

இதை மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். கூடவே எழுந்த என்னை, "நீங்க வெளியவே இருங்க சார்" என்று நர்ஸ் உட்கார வைத்துவிட்டார். எழுத்தாளனாக வந்திருந்தால் ஒரே வாக்கியத்தில் கதவைத் தாண்டி உள்ளே போயிருப்பேன். இப்போது நான் வெறும் கணவன். உள்ளே நடப்பது எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன்.

நீங்கள் போகலாம். வாசகரை எந்த நர்ஸும் தடுக்கப்போவதில்லை. மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் போய் நில்லுங்கள். யாரென்று கேட்டால், நான் அனுப்பினேன் என்று சொல்லுங்கள்.