அலுங்காமல்

கடைசிச் சக்கரத்தைக் கழற்றி வேப்பமரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, முத்துவேல் மறுபடியும் ஜீப்புக்கு அடியில் ஊர்ந்து போனான். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அவனுடைய அக்கா செங்கேணி, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று மூன்றாவது தடவையாகக் கேட்டாள். பங்குனி வெயில் மரத்தைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடும் என்றான்.

ஜீப்பு உத்திரமேரூர் அரிசி மில்லுக்குச் சொந்தம். உலகச் சண்டையில் ஓடி, ஏலத்தில் வந்த வண்டி. பதினொரு வருஷமாக முத்துவேல்தான் அதற்கு டிரைவர். ராத்திரியில் அது அவன் வீட்டு வாசலில்தான் நிற்கும். பழுது பார்ப்பதும் அங்கேயேதான்.

மாசி மாதத்தில் செங்கேணியை அதில் ஏற்றிக்கொண்டுதான் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனான். வயிற்றுக் கட்டி முற்றிவிட்டது, இனி வீட்டில் வைத்து வேண்டியதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்தச் செய்தியைவிட, திரும்பி வந்து இறங்கும்போது பார்த்ததுதான் முத்துவேலை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி தூக்கிப் போட்டதில், சத்தம் வெளியே வரக்கூடாது என்று அவள் உதட்டைக் கடித்தே புண்ணாக்கியிருந்தாள். ஷாக் அப்சார்பர்கள் செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதுவரைக்கும் அவனுக்கு அது ஒரு பழுதாகவே தெரிந்ததில்லை.

மறுநாளே போய் முதலாளியைக் கேட்டான். அவருக்கும் அந்த வண்டியால் முதுகுவலி. நாலு ஷாக் அப்சார்பரும், கூடவே பிரேக் ஷூவும் ரப்பர்களும் மெட்ராஸிலிருந்து வரவழைத்துக் கொடுத்து, இரண்டு நாள் லீவும் கொடுத்தார்.

செங்கேணி எதற்காகவும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. கேட்டது ஒன்றே ஒன்று. மாகறலுக்குப் போய் அம்முலுவைப் பார்க்க வேண்டும். செங்கேணி வாழ்க்கைப்பட்ட ஊர் மாகறல். புருஷன் போய்ச் சேர்ந்து, தாயில்லாத தம்பியை வளர்க்கத் திரும்பி வருகிற வரைக்கும், அம்முலுவும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று நாற்று நட்டவர்கள். அம்முலு இப்போது இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறாள். அவளால் வர முடியாது. டாக்டர் அலுங்கக் கூடாது என்றிருக்கிறாரே என்று முத்துவேல் தயங்கினான். அன்று காலையில் களை எடுக்கக் கிளம்பிய அவன் மனைவி தேவகி, வாசலில் நின்று சொன்னாள்: "அம்முலுவப் பாக்கணும்னு டாக்டரா கேட்டாரு? அது கேக்குது. இட்டுகினு போ."

ஷாக் அப்சார்பர்களையும் பிரேக் ஷூக்களையும் மாட்டி, டிரம்மை மூடி, சக்கரங்களையும் பூட்டியாயிற்று. பிரேக் ஆயில் குழாயில் நிற்கிற காற்றை எடுக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை அமுக்க வேண்டும், ஒருவர் கீழே சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற திருகைத் திறந்து மூட வேண்டும். தெருவில் ஆள் இல்லை. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம் தேவகி வரட்டும் என்று கையைத் துடைத்தான்.

"நான் அமுக்கறேன்டா," என்றாள் செங்கேணி.

"உன்னால ஆவாதுக்கா."

"ஏத்தம் மிதிச்ச காலுடா இது. தூக்கி உக்கார வை."

அவளைத் தூக்கும்போது அரை மூட்டைத் தவிட்டுக் கனம்கூட இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை வைத்தான். அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராக ரோட்டைப் பார்த்தாள். ஒரு கால் போதவில்லை. இரண்டு காலாலும் அமுக்கினாள்.

கீழேயிருந்து அவன் "அமுக்கு" என்பான், திருகைத் திறப்பான், பிரேக் ஆயில் குமிழ் குமிழாகப் பாட்டிலுக்குள் வரும், மூடிவிட்டு "வுடு" என்பான். கால் வைத்தால் எப்படி இருக்கிறது என்று கேட்டான். நாற்றங்கால் சேற்றில் வைத்த மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது என்றாள். ஒவ்வொரு சக்கரம் முடிந்ததும் அவளை மூச்சு வாங்க விட்டான். நாலாவது சக்கரத்தில் குமிழ் நின்றது.

"இப்ப?"

அவள் இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தாள். "வரப்பு மேல நிக்கறா மாதிரி கீதுடா."

முத்துவேல் வண்டிக்கு அடியிலேயே படுத்துக்கொண்டு சிரித்தான்.

கஞ்சி குடிக்க வைத்து மாகறலுக்கு அழைத்துப் போனான். தெரிந்த பள்ளங்களில்கூட வண்டி மெத்தென்று இறங்கி ஏறியது. முதலில் அவன் அவளுடைய உதட்டையே பார்த்து ஓட்டினான். பாதி வழியில் அவளே, ரோட்டைப் பார்த்து ஓட்டுடா என்று சொன்னாள். ஆற்றங்கரைச் சரிவில் பிரேக்கை மிதித்ததும் வண்டி ஒரு பக்கமும் இழுக்காமல் நின்றது. செய்யாற்றில் மணல்தான் இருந்தது. ஓரத்தில் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர்.

அம்முலுவின் பாயிலேயே அவளையும் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தான். உள்ளேயிருந்து அழுகை கேட்கும் என்று நினைத்தான். கேட்டது பேச்சுதான். செத்துப்போன மேஸ்திரி ஒருவரின் நடையை ஒருத்தி சொல்லிக்காட்ட, இரண்டு பேரும் இருமிக்கொண்டே சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தான். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். அவன் பூவரச மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

வெயில் சாய்ந்ததும் கிளம்பினார்கள். வண்டி தூக்கிப் போட்டதா என்று அம்முலு கேட்டாள்.

"எங்க தூக்கிப் போடுது? நான் போட்ட பிரேக்குடி அது," என்றாள் செங்கேணி.

தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் ஏற்றும்போது, அடுத்த வாரம் மறுபடியும் வரலாம் என்று முத்துவேல் சொன்னான். அவளுக்கு கழுவிவிட்டது போல முகம் தெளிந்திருந்தது. கொஞ்ச தூரம் வரைக்கும் எந்த வயலில் யாரோடு நட்டோம் என்று கை நீட்டிக் காட்டிக்கொண்டு வந்தாள். பிறகு அவன் பேசினான். மழைக்கு முன்னால் கூரை மாற்ற வேண்டும் என்றான், தேவகிக்கு இந்த வருஷம் களை வேலை அதிகம் என்றான். அவள் கேட்டுக்கொண்டு வருவதாகவே நினைத்தான்.

உத்திரமேரூர் ஏரிக்கரையில் ஆட்டுமந்தை ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தான். ஒரு குலுக்கல் இல்லாமல் வண்டி நின்றது.

"பாத்தியாக்கா," என்று திரும்பினான்.

அவள் தலை கதவுப் பக்கத்துக் கம்பியில் சாய்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. அவளுடைய கையைத் தொட்டான். சூடு இருந்தது, பிடித்தால் திரும்பப் பிடிக்கவில்லை. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். எந்த இடத்தில் போனாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. உதட்டைப் பார்த்தான். உதடு நன்றாக இருந்தது.

ஆடு மேய்க்கிறவர், "போலாம்பா," என்று குரல் கொடுத்தார். முத்துவேல் கடைசி ஆடும் கரையை விட்டு இறங்குகிற வரைக்கும் காத்திருந்தான். பிறகு அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, இரண்டாவது கியரிலேயே வீடு வரைக்கும் ஓட்டினான்.

தேவகி சேற்றுக் காலோடு ஓடி வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கால் பக்கம் பிடித்தாள். அவன் தலைப் பக்கம் பிடித்தான். தெரு கூடுவதற்குள் கட்டிலில் கிடத்தினார்கள். சேலையைச் சரிசெய்யத் தேவகி குனிந்தபோது, செங்கேணியின் மடி கனமாக இருந்தது. முடிச்சை அவிழ்த்தாள்.

உள்ளே வேகவைத்த வேர்க்கடலை. அம்முலு கொடுத்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் உரித்த தோல்தான். முதலாளி வண்டியில் ஒன்றுகூடச் சிந்தாமல், தின்னத் தின்ன எல்லாவற்றையும் மடியிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.