சுல்தானுக்கு ஒரு கண் சிவப்பு

ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனி ஒன்றில் ஃபிரடிக்கு ஸ்டோரில் வேலை. ஆனால் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் அவன் பேசுவதெல்லாம் சுல்தானைப் பற்றித்தான். சுல்தான் அவன் மணிமங்கலத்தில் வளர்க்கும் ஆண் எலி. சாம்பல் நிற உடம்பு. நெற்றியிலிருந்து மூக்குவரை அகலமான வெள்ளைப் பட்டை. ஒரு கண் கறுப்பு, இன்னொன்று மாதுளை முத்துபோல் சிவப்பு.

"எலிக்கா இவ்ளோ பில்டப்பு? எங்க வூட்ல நெறைய கீது, ஓசியிலயே புட்ச்சிக்கினு போ" என்று பஸ்ஸே சிரிக்கும்.

சிரிக்காதவர் டிரைவர் டில்லிபாபு மட்டும்தான். அவர் மனைவி செந்தாமரையும் எலி வளர்ப்பவர். வல்லக்கோட்டையில் அவர்கள் வீட்டு மாடி அறை முழுக்கக் கூண்டுகள்தான்.

"எங்க வூட்ல பட்டுன்னு ஒரு பொண்ணு கீதுப்பா. சந்தனக் கலரு. உன் பையன எட்துக்கினு வா, வூட்ல பேசிப் பாக்கலாம்" என்றார் டில்லிபாபு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், இஸ்திரி போட்ட சட்டையைக்கூட மாற்றாமல், கூண்டைத் துண்டால் மூடிக்கொண்டு ஃபிரடி வந்து சேர்ந்தான். ரெண்டு கண்ணும் ரெண்டு கலராக ஒரு கூட்டம் குட்டிகள் வேண்டும் என்பது அவன் ஆசை.

செந்தாமரை போன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவர். சுல்தானையும் அப்படித்தான் பார்த்தார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், வயிற்றை விரலால் மெல்ல அமுக்கினார். கடைசியில் மூஞ்சியின் வெள்ளைப் பட்டையில் பார்வை நின்றது.

"கூடப் பொறந்ததெல்லாம் எப்பிடி கீது தம்பி?"

"நல்லாத்தான் கீதுக்கா. செத்துப்போனதத் தவிர."

"செத்துச்சா? எப்போ?"

"பால் மறந்து தீனி தின்ன ஆரம்பிச்சப்போ. வயிறு பானை மாதிரி ஊதிப்போச்சி. இத வித்த கடைக்காரரு அஜீரணம்னாரு."

"இத மொதல்லயே சொல்ல வேணாமா?"

"நீங்க கண்ணப் பத்திதானக்கா கேட்டீங்க!"

அந்த நேரம் பார்த்துக் கீழே குக்கர் விசில் அடித்தது. கூண்டுகளில் இருந்த எலிகளெல்லாம் அட்டைப் பெட்டிகளுக்குள் பாய்ந்து மறைந்தன. சுல்தான் மட்டும் பதறாமல் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

ஃபிரடிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பாத்தீங்களா தைரியத்த? தீபாவளிக்குப் பக்கத்துல சரவெடி வெடிக்கிது, இவன் தூங்கிக்கினு கீறான். கூப்ட்டாக்கூடத் திரும்ப மாட்டான். அவ்ளோ கெத்து."

செந்தாமரை கீழே இறங்கிப் போனார். ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்தார். சுல்தானின் முதுகுப் பக்கம் நின்று ஓங்கித் தட்டினார். ஃபிரடி துள்ளினான். டில்லிபாபு கையிலிருந்த டீ கொட்டியது. சுல்தானின் காது மடல்கூட அசையவில்லை.

"தம்பி, இது கெத்து இல்ல. இதுக்குக் காது கேக்கல."

ஃபிரடியின் முகம் சுருங்கிவிட்டது. செந்தாமரை அவனைக் கீழே அழைத்துப்போய் டீ கொடுத்து, பக்குவமாகச் சொன்னார். வெறும் கண் கலரால் எந்தக் கேடும் இல்லை. ஆனால் மூஞ்சியில் இவ்வளவு வெள்ளையும் சேர்ந்து வந்தால் சில வம்சத்தில் காது போகும், குடலும் வேலை செய்யாது. கூடப் பிறந்தவையும் வயிறு ஊதிச் செத்திருக்கின்றன. அதனால் பட்டுவைச் சேர்க்க முடியாது. முன்பு ஒரு ஈற்றில் இப்படிக் குட்டிகளைப் பறிகொடுத்த வேதனை தனக்குப் போதும் என்றார்.

"செவிட்டுப் புள்ளன்னு ஒதுக்குறீங்களாக்கா?" என்றான் ஃபிரடி.

"அவன யாரு ஒதுக்கறா? அவன் ராஜா மாதிரி வாழட்டும். புள்ள மட்டும் வாணாங்கறேன்."

இருவரும் மாடிக்குத் திரும்பியபோது டில்லிபாபு கூண்டின் முன் குந்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே சுல்தானின் பக்கத்தில் பட்டு உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

"யோவ்! இன்னாய்யா பண்ண?" என்று கத்தினார் செந்தாமரை.

"வந்தவன் தனியா உக்காந்துகினு இருந்தான், பாவமா இருந்துச்சி. சும்மா பேசிக்கினு இருக்கட்டுமேன்னு…"

"பேசுனாங்களா?"

டில்லிபாபு மேலே சுழன்ற ஃபேனைப் பார்த்தார். "பேச்செல்லாம் முடிஞ்சி கொஞ்ச நேரம் ஆச்சி."

அன்று முழுக்க டில்லிபாபுவுக்கு வீட்டில் சோறு மட்டும் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

பட்டு குட்டி போட்டது. ஷிஃப்ட் முடிந்ததும் ஃபிரடி நேராக வல்லக்கோட்டைக்கு வந்துவிடுவான். பட்டுவுக்கு அவித்த முட்டையும் கீரையும் கொண்டுவருவான். கண் திறக்கும் நாளுக்காக அவன் காத்திருந்த பதற்றத்தைப் பார்த்து, பஸ்ஸில் சிரித்தவர்களே "தொறந்துச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவழியாகக் கண்கள் திறந்தன. அத்தனையும் கறுப்பு. ஒன்றுகூட ரெண்டு கலர் இல்லை.

"அப்பன் ஜாடையே இல்லியே" என்று ஃபிரடி முணுமுணுத்தான்.

"இதெல்லாம் அளவெடுத்துத் தைக்கிற சட்டையா?" என்றார் செந்தாமரை.

ஜாடை ஒரே ஒரு குட்டிக்கு இருந்தது. மூஞ்சியில் அப்பனின் வெள்ளைப் பட்டை. ஃபிரடி அதற்குக் குட்டி சுல்தான் என்று பெயர் வைத்து, வந்த நேரமெல்லாம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். தீனி தின்னப் பழகிய நாட்களில் அதன் வயிறு புடைக்க ஆரம்பித்தது. முதலில் அவன், "நல்லா சாப்புட்றான்" என்றான். செந்தாமரை தொட்டுப் பார்த்துவிட்டு உடனே செருப்பை மாட்டினார்.

தாம்பரத்தில் சின்னப் பிராணிகளைப் பார்க்கும் டாக்டர் லீலாவிடம் மூவரும் போனார்கள். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, டில்லிபாபுவின் கம்பெனி பேர் தைத்த காக்கிச் சட்டையை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"உங்க கம்பெனி பஸ் மாதிரின்னு வச்சிக்கோங்க. குட்டி கருவுல இருக்கும்போது, நிறம் குடுக்குற செல்லும் குடலை வேலை செய்ய வைக்கிற நரம்பு செல்லும் ஒரே ஸ்டாப்புலதான் கிளம்புது. வழியில கொஞ்சம் பேர் வந்து சேரலைன்னா மூஞ்சி வெள்ளையா நின்னுடும். உள்காதுக்கு ஆள் வரலைன்னா காது கேக்காது. கடைசி ஸ்டாப் குடலோட கடைசிப் பகுதி. அங்க ஆள் வரலைன்னா கழிவைத் தள்ள ஆளே இல்ல. இவனுக்கு அதான்."

"என் பஸ்ல ஏறுனவங்கள நான் பாதியில எறக்கி வுட்டதே இல்ல மேடம்" என்றார் டில்லிபாபு. அவர் கண் கலங்கியிருந்ததால் யாரும் சிரிக்கவில்லை.

இவ்வளவு சின்ன உடம்பில் அறுவை செய்து பலனில்லை, வலியில்லாமல் அனுப்பிவிடுவதுதான் நல்லது என்றார் டாக்டர். ஃபிரடி தன் உள்ளங்கையிலேயே அதை வைத்திருந்தான். அது தூங்குவதுபோல் போய்ச் சேர்ந்தது. திரும்பி வரும் வழியில் படப்பை தாண்டியதும், "அக்கா, சுல்தானுக்கு ஆபரேசன் பண்ணிடலாம். இனிமே குட்டி வாணாம்" என்றான்.

"பட்டுவ நான் பாத்துக்கறேன்" என்றார் செந்தாமரை. "இவரையும்தான்."

மற்ற குட்டிகள் நன்றாகத் தேறின. அவற்றிடமிருந்தும் இனி குட்டி எடுப்பதில்லை என்று முடிவானது. பெண் குட்டிகள் செந்தாமரையிடம் தங்கின. ஆண் குட்டிகளை, சுல்தானுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஃபிரடி கொண்டுபோனான்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதை அவன் விட்டுவிட்டான். தரையில் காலால் ஓங்கி மிதித்தால் அந்த அதிர்வு சுல்தானுக்குத் தெரிகிறது என்று கண்டுபிடித்திருந்தான். இரண்டு மிதி என்றால் தீனி, மூன்று மிதி என்றால் தோளில் ஏறு. சுல்தான் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பழகட்டும் என்று அன்று மாலை முழுக்க மிதித்துக்கொண்டே இருந்தான்.

கீழ்வீட்டு அன்னபுஷ்பம் படியேறி வந்து கதவைத் தட்டினார்.

"ஃபிரடி, பரதநாட்டியம் கத்துக்கறது தப்புன்னு நான் சொல்லலப்பா. ஆனா டீச்சர் வச்சாவது கத்துக்கோயேன்."